வெறும் வலைக்கும் ஒரு வரி

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செயற்கைக்கோள் படங்களையும் கணினி மாதிரிகளையும் கொண்டு மீன்வளத்தைக் கணிப்பது பற்றிப் பேசிய இளைஞர் ஒருவர், "கரையில் நின்று மீன் எண்ணுகிற வேலைக்கு இனித் தனியாக ஆள் தேவையில்லை. கைபேசி வைத்திருக்கும் யாரும் செய்துவிடலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அவர் திரையில் காட்டிய வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஓர் இறங்குதளத்தில், விடியுமுன் ஈர மணலில் நின்று யாரோ எழுதியது. பாம்பன் தீவிலும் மண்டபத்துக் கரையிலும் அப்படி எழுதியே வேலைக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவன் நான். அன்று எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீள அலைவெண், சினையின் முதிர்ச்சி நிலை, செவிக்கல் வளையம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குள் நான் போகவில்லை. என் ஆயுளைத் தின்றது அட்டவணையில் 'முயற்சி' என்று தலைப்பிட்ட ஒரே ஒரு கட்டம். மீன்பாட்டை முயற்சியால் வகுத்தால்தான் கடலில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். மேலே இருக்கும் எண்ணைத் தராசு தந்துவிடும். கீழே இருக்கும் எண்ணை மனிதர்களிடம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

எங்கள் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு வடகடல், தென்கடல். வாடைக் காற்று ஏறும்போது வடகடல் குமுறும், நாட்டுப்படகுகள் தென்கடலுக்கு மாறும். தென்காற்றுக் காலத்தில் திரும்ப வடக்கே. வடகடல் ஆழமில்லாதது, பெரும்பாலான இடத்தில் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அடியில் சேறும் தாழைப்புல்லும். தென்கடலில் பார், பவளம், தீவுகள். ஒரே படகு, ஒரே தண்டல். ஆனால் ஜனவரியில் அவர் போடும் வலையும் ஜூலையில் போடும் வலையும் வேறு, கிடைக்கும் மீனும் வேறு. தங்கச்சிமடத்தில் எடுத்த எண்ணை ஓலைக்குடாவுக்குப் பொருத்தினால் பிழை. தனுஷ்கோடிக் கரைவலையில் விழும் சூடையை வைத்துப் பாம்பன் விசைப்படகின் காரலைச் சொல்லவே முடியாது.

இதையெல்லாம் யோசித்துத்தான் முன்னோர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை எங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. அவர்கள் உருவாக்கிய மாதிரிக் கணக்கெடுப்பு முறை இன்றும் இந்தியக் கடற்கரை முழுக்கப் பயன்படுகிறது. ஓர் இறங்குதளத்துக்கு முதல்நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் மாலை ஆறுவரை நிற்க வேண்டும். மறுநாள் காலை ஆறிலிருந்து நண்பகல்வரை மறுபடியும் நிற்க வேண்டும். இடைப்பட்ட இரவில் என்னென்ன வந்தது என்பதைக் காலையில் கரையில் இருப்பவர்களிடம் விசாரித்து எழுத வேண்டும். மூன்றையும் சேர்த்தால் அந்த இறங்குதளத்தின் ஒரு முழுநாள். இரவுக் கணக்கு முழுக்க முழுக்க நம்பிக்கையில் நிற்பது. உங்களை நம்பாதவர் இரவில் வந்த மீனை உங்களிடம் சொல்லமாட்டார்.

அந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது என்று எனக்குக் காட்டியவர் என் மூத்த பணியாளர் ஒருவர். பட்டம் எதுவும் இல்லாதவர். அவர் பெயர் எந்தக் கட்டுரையின் முகப்பிலும் வந்ததில்லை. அவருடைய எண்களை வைத்து முனைவர் ஆனவர்கள் இருக்கிறார்கள். நன்றியுரையில் 'களப்பணியாளர்களுக்கும்' என்ற ஒரு சொல்லோடு அவரைக் கடந்துபோனார்கள்.

முதல் வாரத்தில் அவர் என்னை எழுதவே விடவில்லை. "நோட்டை மடிச்சு வையி தம்பி. முதல்ல எத்தன படகு போயிருக்குன்னு சொல்லு" என்பார். வந்த படகை எண்ணுவது எளிது. போன படகை எண்ண வேண்டுமானால் நங்கூரத்தில் காலியாய்க் கிடக்கும் இடத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும், ஐஸ் கம்பெனியில் எத்தனை கட்டி போயிற்று என்று கேட்க வேண்டும், டீக்கடையில் யார் இல்லை என்று கவனிக்க வேண்டும். ஏலம் கூவுகிறவரிடம் கேட்டால் விற்ற மீன் மட்டும்தான் தெரியும். வலை தைக்கிறவரிடம் கேட்டால் எந்தப் படகு பாரில் வலையைக் கிழித்துக்கொண்டு வந்தது என்று தெரியும்.

விலையை முதலில் கேட்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். விலை கேட்டால் வியாபாரியின் ஆள் என்று நினைப்பார்கள். மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அதன்பின் கிடைக்கும் எண் எல்லாம் மானியத்துக்காகச் சொல்லப்பட்ட எண்ணாகிவிடும். "எவ்வளவு கிடைச்சது" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தன மணிக்கு வலை விட்டீங்க, எப்ப வாங்குனீங்க, எத்தன பாகம் ஆழத்துல" என்று கேட்க வேண்டும். உழைப்பைக் கேட்டால் மனிதர் பேசுவார், பாட்டைக் கேட்டால் மறைப்பார். கூடையை எண்ணினால் போதாது, பருவத்துக்குப் பருவம் கூடையை நிறுத்தும் பார்க்க வேண்டும். பாம்பன் கூடையும் இராமேசுவரம் கூடையும் ஒரே அளவு என்று எழுதியவனின் கணக்கு வருடக்கடைசியில் டன் கணக்கில் தவறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் படகு வரும்வரை அவர் கரையை விட்டு நகரமாட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டும், வெயில் மண்டையைப் பிளக்கும். ஏலம் முடிந்து வியாபாரிகளின் வண்டி போயிருக்கும். அதன் பிறகு ஒரு வத்தை, சின்ன நாட்டுப்படகு, வரும். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவரிடம் போய் நிற்பார். "சும்மா போயிட்டு வந்தோம் சார், பாடில்ல. எழுத என்ன இருக்கு?" என்பார் அந்த மனிதர். "அதத்தாண்ணே எழுதணும்" என்று சொல்லி, பெயர், வலை, ஆழம், மணி எல்லாம் எழுதி, எடைக் கட்டத்தில் பூஜ்யம் போடுவார். அந்தப் பூஜ்யத்தைப் போடும்போது அவர் எழுத்து மற்ற எண்களைவிட அழுத்தமாக இருக்கும். பள்ளி வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் பெயரும் இருப்பதுபோல, மீன் இல்லாத படகுக்கும் ஒரு வரி வேண்டும் என்பதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இது ஏன் என்று விளங்காதவர்களுக்காக ஒரு கணக்கு. பத்துப் படகு போகிறது. நான்கு படகு தலா முப்பது கிலோ கொண்டுவருகிறது. ஆறு வெறுமையாய்த் திரும்புகிறது. ஏலக்கூடத்தில் மட்டும் நிற்பவன் படகுக்கு முப்பது கிலோ என்று எழுதுவான். உண்மை பன்னிரண்டு. அடுத்த ஆண்டு மீன் இன்னும் குறைந்து, இரண்டு படகுக்குத்தான் முப்பது கிலோ, எட்டு வெறுமை என்று ஆகிறது. ஏலக்கூடத்துக்காரன் மறுபடியும் முப்பது என்றே எழுதுவான். கடல் பாதியாகியிருக்கும், அவன் வரைபடக் கோடு மட்டம் மாறாமல் போகும். மீன் கூட்டமாக வாழ்வது. குறையும்போதும் மிச்சமிருக்கும் கூட்டத்தைத் தேடிப் பிடிப்பவனுக்குப் பாடு குறையாது. கண்டுபிடிக்க முடியாதவனுக்குத்தான் முதலில் குறையும். அவனை எழுதாமல் விட்டால் எச்சரிக்கையே விட்டுப்போகிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் நடந்தது இதுதான். உலகின் மிகப்பெரிய காட் மீன்வளங்களில் ஒன்று அங்கே இருந்தது. பெரிய இழுவைக் கப்பல்களுக்குப் பாடு குறையவில்லை என்ற கணக்கை நம்பி மீன் நிறைய இருப்பதாக அறிவியலாளர்கள் மதிப்பிட்டார்கள். கரையோரச் சிறு மீனவர்கள் தங்கள் வலையில் மீன் இல்லை, வருவதும் சிறுத்துவிட்டது என்று 1980-களிலேயே சொன்னார்கள். அந்தச் சொல் எடுபடவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். கடற்கரைச் சிற்றூர்கள் காலியாயின. அங்கே கணினியும் இருந்தது, கப்பலும் இருந்தது, பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

எங்கள் கடலில் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் இங்கே பூஜ்யம் இரண்டு வகை. போய்ப் பாடில்லாமல் வந்த நாள் ஒன்று. போகாத நாள் மற்றொன்று. இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், டோக்கன் வாங்கிக்கொண்டு போய் மறுநாள் காலை திரும்புகின்றன. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் யாரும் போகமாட்டார்கள். எல்லையில் படகு பிடிபட்டால் வேலைநிறுத்தம். ஊரில் ஒரு சாவு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா என்று இன்னும் எத்தனையோ. 2001-இலிருந்து கோடையில் 45 நாள் தடைக்காலம், 2017-இலிருந்து 61 நாள். இந்த நாட்களின் பூஜ்யத்தையும் கடல் தந்த பூஜ்யத்தையும் ஒன்றாய்க் கலந்தால் அரசியலுக்கும் மீனுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். தடைக்காலம் முடிந்த மறுநாள் செய்தித்தாளில் கூடை கூடையாய் இறால் படம் வரும், 'மீனவர்கள் மகிழ்ச்சி' என்று தலைப்பும் வரும். இரண்டு மாதம் இழுபடாத கடலில் முதல்நாள் அப்படித்தான் விழும். மூன்றாம் வாரத்தில் எத்தனை மணி மடிவலை இழுத்து எவ்வளவு வந்தது, அதில் சங்காயம் என்கிற கழிவு மீன் எவ்வளவு என்று எழுதினால்தான் தடை பலன் தந்ததா என்று தெரியும். மூன்றாம் வாரத்தில் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

இப்போது செய்வது என்ன? வெளியிலிருந்து ஒரு திட்டம் வருகிறது. இரண்டு வருட நிதி. செயலி ஒன்றைத் தருகிறார்கள், படகு வாரியாகப் பதிவுக்கு இவ்வளவு என்று காசு. அந்தச் செயலி ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். எடைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டால் 'சரியான எண்ணை உள்ளிடவும்' என்று திருப்பி அனுப்புகிறது. பதிவுக்குக் காசு என்றால் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? மீன் குவியும் இடத்தில், ஏலம் நடக்கும் ஒரு மணி நேரத்தில். நான்கு மணி நேரம் வெயிலில் காத்திருந்து ஒரு வெறும் வத்தையை எழுத அவர்களுக்கு யார் கூலி தருகிறார்கள்? பிள்ளைகளை நான் குறைசொல்லவில்லை. அவர்களை அங்கே நிறுத்தி, கரை என்பது ஏலக்கூடம்தான் என்று கற்றுக்கொடுத்தவர்கள்மேல்தான் என் வருத்தம். இரண்டு வருடம் முடிந்ததும் திட்டம் போய்விடும். அதன் எண்ணும் போய்விடும். ஊருக்கு ஒரு நகல்கூடத் தருவதில்லை.

எண் யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானபோது, அந்தத் தீவோரங்களில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்துப் பிழைத்த எங்கள் தீவின் சின்னப்பாலத்துப் பெண்கள் திடீரென்று அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். கைவிரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி, வேர்ப்பிடியை விட்டுவிட்டுக் கிள்ளி எடுக்கிறவர்கள் அவர்கள். விட்ட இடத்தில் மறுபடி தழைக்கும். மாதத்தில் சில நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாள் கடலுக்கு ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் எல்லா விவரமும் இருந்தது. எந்த நாள், எத்தனை பேர், எந்தத் தீவோரம், எத்தனை கிலோ என்று பல வருடத்து எழுத்துக் கணக்கு கையில் இருந்திருந்தால் அதிகாரிகளின் மேசைமுன் அவர்கள் நின்றிருக்கும் விதமே வேறு. நாட்டுப்படகுக்காரருக்கும் இதே கதைதான். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தடை செய்யப்பட்டது என்று சட்டம் சொல்கிறது. இரவில் அது இழுத்துப்போன மறுநாள் தன் வலை வெறுமையாய் வந்தது என்று அவர் சொல்கிறார். எழுதி வைத்தவர் யார்? கூட்டத்தில் விசைப்படகு டன் கணக்கில் பேசும்போது சிறுபடகு பெருமூச்சில் பேசினால், யார் பேச்சு குறிப்பேட்டில் ஏறும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே என் விண்ணப்பங்கள். கணக்கெடுப்பவரைப் பதிவுக்குக் காசு கொடுத்து வைக்காதீர்கள், மாதச் சம்பளத்தில் வையுங்கள். தீவின் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் மீன்வளம் படித்துவிட்டு மதுரையில் கடைகளில் நிற்கிறார்கள், அவர்களை எடுங்கள். செயலி எழுதுகிறவர்கள் 'பாடில்லை' என்பதற்கு ஒரு பொத்தானும் 'கடலுக்குப் போகவில்லை' என்பதற்கு வேறொரு பொத்தானும் வையுங்கள். அலமாரிகளில் கரையானுக்குக் கொடுத்திருக்கும் பழைய கள நோட்டுகளை எடைக்குப் போடுமுன் படமெடுத்து, ஒரு நகலை அந்தந்த ஊர்ச் சங்கத்திடம் கொடுங்கள்.

கடலுக்குப் போகிற அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பாடு இல்லாமல் கரையேறுகிற நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நோட்டோடு நிற்கிறவரை நீங்களே கூப்பிட்டு, படகின் பெயரையும் வலை விட்ட மணியையும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள்.