அச்சுவேலித் தம்பிமுத்துவும் அகதிப் பொடியனும்

1944இல் லண்டனில் வந்த ஒரு கவிதைத் தொகுதி, ‘த கிளாஸ் டவர்’. எழுதியவர் நிக்கலஸ் மூர். படங்கள் லூசியன் பிராய்ட். பதிப்பித்தவர் ‘பொயட்ரி லண்டன்’ இதழை நடத்திய தம்பிமுத்து, எங்கள் ஊர்க்காரர். பாட்டனார் இங்கே அச்சுக்கூடம் வைத்திருந்தவர். அச்சுவேலிக்கு அச்சு ஒன்றும் புதிதல்ல.

*

தம்பிமுத்து லண்டன் போய்ச் சேர்ந்தது 1938இல். பிரித்தானியப் பிரசை, எந்த நேரமும் திரும்பலாம், 1949இல் திரும்பியும் வந்தார். லூசியன் பெர்லினிலிருந்து 1933இல் வந்த பத்து வயதுப் பொடியன். ஹிட்லர் பதவிக்கு வந்த ஆண்டு அது. தகப்பன் கட்டடக் கலைஞர், நிலைமை முற்ற முன்னரே குடும்பத்தைக் கிளப்பிவிட்டார். நேரத்தோடு வெளிக்கிட்டவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்ன ஊர்தானே இதுவும்.

*

1935 நியூரம்பெர்க் சட்டம் யூதரின் குடியுரிமையைப் பிடுங்கியது. (மலையகத் தமிழருக்கு 1948இல் நடந்ததை நினைக்காமல் இந்த வரியைத் தாண்ட முடியவில்லை.) போ என்று நெருக்கியவர்கள், போவதற்கு வரியும் கேட்டார்கள்: சொத்தில் கால்வாசி. லூசியனின் பாட்டனார் சிக்மண்ட் பிராய்டும் வரி கட்டித்தான் 1938 ஜூனில் வியன்னாவை விட்டார். புலிகள் காலத்தில் ஊரைவிட்டு வெளியேறப் பாஸுக்கும் ஆள்பிணைக்கும் அலைந்த எங்களுக்கு இது விளங்கும். ஆனாலும் சமன் போடக்கூடாது. எங்களுக்குப் பிணை, போகாமல் இருக்க; அவர்களுக்கு வரி, போனால். சிக்மண்டின் தங்கைமார் நால்வர் வியன்னாவிலேயே நின்றுவிட்டார்கள். நால்வரும் முகாம்களில் முடிந்தார்கள்.

*

போக இடம்? அமெரிக்கா 1924இலேயே நாட்டுவாரியாகக் கோட்டா போட்டுவிட்டது. 1938 ஜூலையில் எவியானில் 32 நாடுகள் கூடி அனுதாபப்பட்டன; அநேகமாக அவ்வளவுதான். பலஸ்தீனத்துக்கு ஐந்தாண்டில் 75,000 பேர் என்று 1939இல் பிரித்தானியா எல்லை கட்டியது. அதற்குள் அங்கே அரபுக் கிளர்ச்சி. ஒருவருடைய அடைக்கலம் இன்னொருவருடைய நிலத்தில்தான் கிடைத்தது. இதை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போவது அநியாயம், தெரியும்.

*

இலங்கைக்கும் ஒருவர் வந்தார். ஹனாவ் நகரத்து யூதர், சிக்மண்ட் பெனிகர். துறவு ஆசை முன்னரே இருந்தது, ஹிட்லர் அவசரப்படுத்தினான். 1936இல் தொடந்துவைத் தீவு மடத்தில் ஞானதிலோக தேரரிடம் சீவரம் உடுத்து ஞானபோனிக ஆனார். 1939இல் தாயையும் இங்கே எடுப்பித்தார். அதே ஆண்டு யுத்தம். வெள்ளைக்காரன் பிடித்துத் தியத்தலாவையில் அடைத்தான், பிறகு டேராடூனுக்கு அனுப்பினான். குற்றம்: ஜெர்மன்காரன்! அங்கே யூதன், ஜெர்மன்காரன் அல்ல. இங்கே ஜெர்மன்காரன், யூதன் என்று சொன்னாலும் எடுபடாது. யுத்தம் முடிந்த பிறகுதான் விட்டார்கள். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவரே. இவரும் பதிப்பாளர்.

*

பாட்டனாரின் அச்சுக்கூடம் எந்த வளவில் இருந்தது என்று சந்தையடிக் கடையில் விசாரித்தேன்.

“எந்தத் தம்பிமுத்தர் ஐயா? கனடாவிலை மகளோடை நிக்கிறவரோ?”