ஒத்துப் பார்த்தல்

புரூஃப் பார்த்துப் பழகியவர்களுக்கு, நான் பிழைப்புக்காகச் செய்த வேலையை விளக்குவது சுலபம். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, இன்னொருவர் காலி புரூஃபின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். எங்கள் தொழிற்சாலையில் பிரதிக்குப் பதில் டிராயிங். புரூஃபுக்குப் பதில் இயந்திரம். 'எம் 8 போல்ட், ஆறு. ஸ்பிரிங் வாஷர், ஆறு' என்று நான் வாசிப்பேன். எதிரில் நிற்பவர் தொட்டுப் பார்த்து 'இருக்கு' என்பார். இதற்குக் கான்ஃபிகரேஷன் ஆடிட் என்று பெயர்.

சரியாகச் சொன்னால், இது அதில் ஒரு பாதிதான். செய்வதாக வாக்களித்த காரியத்தைப் பொருள் செய்கிறதா என்று சோதனைக் குறிப்புகளை வைத்துப் பார்ப்பது இன்னொரு பாதி. இவை கடைசியில் வருபவை. அதற்கு வெகு முன்பே, பொருள் வெறும் யோசனையாக இருக்கும்போது ஒரு ரிவ்யூ, உலோகத்தை வெட்டுவதற்கு முன் இன்னொரு ரிவ்யூ. நீண்ட மேஜை, டீ, வடை, பதினைந்து பேர். ஸ்லைடில் காட்டப்பட்டதைப் பற்றியே கேள்விகள் எழும். காட்டப்படாததைப் பற்றிக் கேட்கத் தனி மனசு வேண்டும். நம் விமர்சனக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களிடம் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

1984இல் ஒரு பம்பை இப்படி ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடியைக் கழற்றியதும் உள்ளே ஒரு செப்பு வாஷர் தெரிந்தது. டிராயிங்கில் அது இல்லை.

'இது என்னண்ணே?'

'அது போடறதுதான் சார்' என்றார் ஃபிட்டர். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

'ஏன்?'

'எனக்கு முந்தி இருந்தவரு போட்டாரு. நானும் போடறேன்.'

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். ஒரு பிரதியில் மட்டும் அதிகப்படியாக ஒரு சொல் நிற்கும். எழுதியவன் கைப்பிழையா, மூலமே அதுதானா என்று அவர்கள் நாட்கணக்கில் யோசிப்பார்கள். நான் யோசிக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். 'டிராயிங்கில் இல்லாத பாகம்' என்று எழுதி, வாஷரை எடுக்கச் சொன்னேன். அடுத்த தண்ணீர் அழுத்தச் சோதனையில் மூன்று பம்புகள் கசிந்தன. வாஷரைத் திரும்பப் போட்டதும் கசிவு நின்றது.

யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கமிட்டி கூடி, டிராயிங்கையே மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தது. திருத்தத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'நடைமுறைக்கு ஏற்ப' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். காகிதமும் பொருளும் ஒன்றாகிவிட்டன. ஏன் கசிந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்தான்.

இதெல்லாம் மறந்தே போயிருந்தது, ஏரியான் 5 விபத்து பற்றிய விசாரணை அறிக்கையைப் படிக்கும் வரை. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து அந்த ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில், வழி விலகி உடைந்து வெடித்தது. திசையறியும் கருவியின் நிரல் ஏரியான் 4இலிருந்து வந்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கும் இடத்தில், கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு மதிப்பு 32,767ஐத் தாண்டியது; கருவி நின்றுவிட்டது. துணைக்கு இருந்த கருவியிலும் அதே நிரல். அது ஒரு கணம் முன்பே நின்றிருந்தது. ராக்கெட் தரையை விட்டு எழும்பிய பிறகு அந்தக் கணக்கே ஏரியான் 5க்குத் தேவையில்லை. பழையதில் நன்றாக ஓடியது, எதற்குத் தொடவேண்டும் என்று விட்டிருந்தார்கள்.

இப்படிப் பிசகக்கூடிய மாறிகள் ஏழு. நான்குக்குக் காவல் போட்டு, மூன்றை விட்டிருந்தார்கள். அஜாக்கிரதையால் அல்ல. கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த மூன்றும் எல்லை மீற வழியில்லை. யோசித்து, பல தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முடிவு. பழைய ராக்கெட்டின் பாதைக்கு அது சரியாகவும் இருந்தது. ஆனால் அந்த முடிவுக்கான நியாயம் நிரலின் மூலத்தில் நேராகக் காணக் கிடைக்கவில்லை. ஆவணக் குவியலில், யாரும் ஒளிக்காமலே, அது ஒளிந்துகொண்டது. ழாக்-லூயி லியோன்ஸ் என்ற கணிதவியலாளரின் தலைமையில் அமைந்த குழு அந்த ஜூலையிலேயே இதைச் சொல்லிவிட்டது. புதிய ராக்கெட்டின் பாதை அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. ஆகவே ஒத்துப் பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒத்துத்தான் இருந்திருக்கும்.

அபோலோ 13 வேறு ஜாதி. ஆக்ஸிஜன் தொட்டியின் ஹீட்டர் அமைப்பை 28 வோல்ட்டிலிருந்து 65 வோல்ட்டுக்குத் தகுந்தபடி மாற்றச் சொல்லி 1965இல் திருத்தம் வந்தது. தெர்மோஸ்டாட் சுவிட்ச் மட்டும் 28லேயே நின்றுவிட்டது. எல்லா ரிவ்யூக்களையும் தாண்டி 1970 ஏப்ரலில் அது விண்வெளிக்குப் போயிற்று. பயங்கரம்தான். ஆனாலும் அது புரூஃப் பிழை. ஒரு நல்ல கண் பிடித்திருக்கக்கூடியது. என் தூக்கத்தைக் கெடுத்தது ஏரியான்.

ஓய்வு பெற்ற வாரத்தில் அந்தப் பம்பின் டிராயிங்கை வரவழைத்துப் பார்த்தேன். எனக்குப் பிறகு நான்கு திருத்தங்கள் கண்டிருந்தது. வார்ப்பு மாறியிருந்தது. மூடி உட்காரும் காடியின் ஆழத்தை அரை மில்லிமீட்டர் குறைத்திருந்தார்கள். அப்படியானால் அன்று கசிந்ததற்குக் காரணம் காடியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வாஷருக்கு இப்போது அங்கே வேலை இல்லை, கெடுதல்கூடச் செய்யலாம். ஆனால் அது இருந்தது, பக்கத்தில் என் இனிஷியலோடு.

காரணம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்தான். 1984இல் நடந்ததைத் தனித்தாளில் முழுக்க எழுதி, டிராயிங்கோடு பின் செய்தேன். இந்தத் தாளும் கூடவே ஷாப்புக்குப் போகுமா என்று ரிக்கார்ட் அறையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

'டிராயிங் மட்டும்தான் சார் போகும்' என்றார்.