தனுஷ்கோடியில் ஒரு சுவர்

தனுஷ்கோடி தேவாலயச் சுவர் பவளப்பாறையில் கட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன துளைகள். கூரை இல்லை. கொஞ்சம் தள்ளி ரயில் நிலையத்தின் மிச்சம். அங்கே எல்லாருமே கதையை 1964 டிசம்பர் 22 ராத்திரியில்தான் தொடங்குகிறார்கள். புயல், அலை, பயணிகளோடு போன ரயில். அப்புறம் யூடியூப்காரர்களின் பேய்க் கதை, அது தனி இம்சை.

பத்து காவானில் இருந்து போன எனக்குப் புயலைவிட அந்தத் துறைதான் முக்கியமாப் பட்டது. எங்க செபராங் பிறைக்கும் தமிழர்களைக் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்துதான் கரும்பு வெட்ட வச்சாங்க. அவங்க இறங்கிய இடம்னு எனக்கு ஒரு கல்லைக் காட்ட ஆளில்லை. 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலத்தைக் காட்டுவாங்க, ஐகியாவைக் காட்டுவாங்க.

தனுஷ்கோடியில் கல்லாவது இருக்கு. 1914இலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் மாறி, தலைமன்னார் போனவர்களில் தோட்டக் கூலிகள் எத்தனையோ பேர். மண்டபம் முகாமில் சோதித்து, அம்மை குத்தி அனுப்பியவர்கள். புயலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை, அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று கணக்கு. கணக்கு எழுதிய மை காய்வதற்குள் துறையே போயிடுச்சு. கப்பல் பிறகு ராமேஸ்வரத்துக்கு மாறியது. தாத்தா ஏறிப்போன துறையில் பேரன் இறங்கவில்லை.