மினமாட்டாக் கடற்கரையில்

சென்ற வேனில் விடுமுறையில் ஜப்பான் தேசத்துக்குப் போயிருந்தோம். டோக்கியோவின் மாட மாளிகைகளையும் கியோட்டோவின் கோயில்களையும் வர்ணிப்போர் பலர் உளர். ஆகையால் கியூஷூத் தீவின் மேற்குக் கரையிலுள்ள மினமாட்டா என்னும் சிறிய ஊரைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஷிரானுயி எனப்படும் அந்தக் கடல், கடலாகவே தோன்றவில்லை. தீவுகள் சூழ, அலையின்றி, நம் ஊர் ஏரியைப் போலக் கிடக்கிறது. கரையில் விசாலமான பூங்கா. பிள்ளைகள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். அந்தப் புல்தரைக்கு அடியில் பாதரசம் கலந்த சேறு புதைந்திருக்கிறது. வளைகுடாவின் சேற்றை வாரிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது, 58 ஹெக்டேர். வேலை 1977 முதல் 1990 வரை நடந்ததாம்.

இவ்வூரில் சிஸ்ஸோ கம்பெனியின் ஆலை, 1932 முதல் 1968 வரை, அசிட்டால்டிஹைடு என்னும் ரசாயனப் பொருளைப் பாதரசத்தின் துணைகொண்டு செய்து, கழிவுநீரைக் கடலில் விட்டு வந்தது. மட்டியும் சிப்பியும் நீரை உறிஞ்சி வடிகட்டி இரை தேடும் பிராணிகள். நீரில் அணுவளவாக இருக்கும் விஷமும் அவற்றின் சதையில் சேர்ந்து திரண்டு விடுகிறது. மெதில் பாதரசமாகிய அந்த விஷம் நாவுக்குப் புலப்படாது. கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. எத்துணைக் கைதேர்ந்த குடும்பப் பெண்ணும் அதை அடுப்படியில் விலக்க வழியில்லை.

முதலில் பூனைகள் சுழன்று சுழன்று ஆடி மாண்டன. பிறகு செம்படவர் வீடுகளில் நடை தள்ளாடிற்று, கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. 1956, மே 1-ஆம் தேதி, ஆலை வைத்தியசாலையின் தலைவர் ஹோசகாவா, காரணம் விளங்காத மூளை வியாதி பரவுவதாகச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தார். அப்போது சிகிச்சைக்கு வந்திருந்தவர்களில் ஐந்து வயதும் இரண்டு வயதுமான சகோதரிகள் இருவர். வளைகுடாவின் மீனிலும் மட்டியிலுமே தீங்கு இருக்கிறதென்ற சந்தேகம் அவ்வருஷமே எழுந்துவிட்டது. 1957-இல் மாகாண அதிகாரிகள் அவற்றை விலக்கச் சட்டம் உதவுமா என்று கேட்டார்கள். எல்லாமே விஷமென்பதற்குத் தெளிவான ருசு இல்லை, ஆதலால் இயலாது என்று டோக்கியோவிலிருந்து பதில் வந்தது.

குழம்பில் பல்லி விழுந்தால், எந்தக் கரண்டியில் விஷமென்று ருசு கேட்டா நாம் கொட்டுகிறோம்?

1959-இல் குமமோட்டோ சர்வகலாசாலையார் பாதரசமே காரணமென்று வெளியிட்டார்கள். ஆலைக் கழிவைக் கலந்து ஹோசகாவா உணவூட்டிய பூனைக்கும் அவ்வருஷமே அந்நோய் கண்டது. கம்பெனி அதை மறைத்துவிட்டது. அரசாங்கம் உண்மையை ஒப்புக்கொண்டது 1968-இல். நோயாளிகளென்று பின்னர் அங்கீகரிக்கப்பட்டவர் மட்டும் 2,200-க்கு மேல்.

எல்லாவற்றிலும் நம் மனத்தை உருக்கியது ஒன்று. கருவிலுள்ள குழந்தையை விஷம் அண்டாதென்று வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். தாய் அதிகம் நோவின்றி இருக்க, பிறந்த சிசு நோயுடன் பிறந்தது. நம்மவர் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைப்பது போல, ஜப்பானியத் தாய்மார் அதைச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். உலர்ந்த அந்தக் கொடிகளைச் சோதித்தபோது அவற்றில் பாதரசம் இருந்தது.

இரவு தங்கிய விடுதியில் மட்டி ரசம் வந்தது. வளைகுடாவைத் தடுத்திருந்த வலையை 1997-இல் எடுத்துவிட்டார்கள், மீன் உண்ணத் தகுந்ததே என்பதை அறிவோம். ஆயினும் கை தயங்கிற்று. பரிமாறிய மூதாட்டி அதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைச் சற்று நம் பக்கம் நகர்த்தி வைத்தாள். உண்டோம்.