மெல்ல எழுதல்

வயல்சூழ்ந்த சவளக்கடையில் என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், காற்றுச் சிலிண்டர் சுமந்து கடலட்டை எடுக்கும் தொழிலை மேற்கொண்டார். ஒருநாள் பலமுறை ஆழத்தில் இறங்கி விரைந்து மேலெழுந்தார். அன்று மாலையே கால்கள் மரத்தன. இன்று கோலூன்றியே நடக்கின்றார்.

இதற்குக் காரணம் யாது? கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 1942 இல் மட்டக்களப்புக்கு அப்பால் அமிழ்ந்த ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றது. ஆங்கு அமுக்கம் கரையிலுள்ளதினும் ஆறு மடங்கு. அவ்வமுக்கத்தில் சுவாசிக்கும் நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரையும். மெல்ல எழுந்தால் அது மூச்சுடன் வெளியேறும். விரைந்தெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போலக் குமிழிகளாகி நரம்பைத் தாக்கும்.

படிப்படியாக எழும் முறையை 1908 இல் ஹோல்டேன் என்னும் அறிஞர் தம் தோழருடன் வகுத்து வெளியிட்டார். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாது எழுதலும், 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்தலும் இக்கால வழக்கு. ஆழமும் நேரமும் மிகின், அட்டவணைப்படி மேலும் பலகால் தரித்தல் வேண்டும். உடல் மரத்தவருக்கு ஒட்சிசன் அளித்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

கரையோரப் பாடசாலைகளிற் கற்பிக்கும் பழைய மாணவ நண்பர்காள்! இலக்கணத்தோடு இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களுட் சிலர் நாளை கடலில் இறங்குவர்.