கோட்டம்

மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டுபவர்களிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. சக்கரம் கார்பனா, அலுமினியமா? மரபா புதுக்கவிதையா என்று நாம் மோதிக்கொண்ட காலத்தின் சூடு அதில் இன்னமும் இருக்கிறது. தமிழ் விரிவுரையாளனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவதும், காப்பித் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளில் சுற்றி இறங்குவதும் ஏழு ஆண்டுகளாக என் பழக்கம். பழைய சக்கரங்கள் தேய்ந்துபோனதால் இவ்வாண்டு அந்தக் கேள்வி என் வீட்டுக்கும் வந்தது.

முதலில் எடை. குறுக்குநாட்டுப் பந்தயத்துக்கான 29 அங்குலக் கார்பன் சக்கர இணை பெரும்பாலும் 1300 முதல் 1500 கிராம் வரை இருக்கும். நல்ல அலுமினிய இணை 1600 முதல் 1900 வரை. வேறுபாட்டை 300 கிராம் என்று கொள்வோம். சுழலும் எடை இரட்டிப்பாகும் என்பார்கள். வேகத்தைக் கூட்டும் கணங்களில், விளிம்பிலுள்ள எடையைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. சீராக மலையேறும்போதோ அது மற்ற எடையைப் போன்றதுதான். நான், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 83 கிலோ. அதில் 300 கிராம் என்பது ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. 90 நிமிட ஏற்றத்தில் எனக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 20 நொடி. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்று குரங்குகளுக்கு வழிவிட்டாலே அது கரைந்துவிடும்.

பொருளின் குணம் அடுத்தது. கார்பன் வளையம் என்பது இழைகளை அடுக்கடுக்காக அச்சில் வைத்து, பிசினோடு வெப்பத்தில் இறுக்கிச் செய்வது. இழைகளின் திசையை மாற்றி, எங்கே விறைப்பு வேண்டும், எங்கே நெகிழ்வு வேண்டும் என்று செய்பவர் தீர்மானிக்கலாம். திருப்பங்களில் கை நினைத்த இடத்துக்குச் சக்கரம் போவது அதனால்தான். தொட்டாலே உடையும் என்ற பழைய அச்சத்துக்கு இன்றைய வளையங்களிடம் இடமில்லை. அலுமினியம் நசுங்கிவிடக்கூடிய பாறையடிகள் பலவற்றை அவை தாங்கிவிடும். ஆனால் தாங்காத அடி விழும்போது அவை நசுங்குவதில்லை, விரிசல் விடுகின்றன. சில வேளைகளில் அந்த விரிசல் அடுக்குகளுக்கு உள்ளேயே நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது.

அலுமினியம் வேறு பிறவி. பாறையில் மோதினால் விளிம்பு மடங்கும், மடங்கியது தெரியும். சிறு மடிப்பைக் குறட்டால் நிமிர்த்திவிடலாம். சக்கரம் ஆடினால் போக்ஸ் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுத்துவிடுவார். கோட்டம் என்ற அந்தச் சொல்லைக் கடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நடுவுநிலைமை அதிகாரம் நினைவுக்கு வரும். சொல்லில் இருக்கும் கோட்டத்தையும் உள்ளே இருக்கும் கோட்டத்தையும் வள்ளுவர் அங்கே தனித்தனியாகப் பேசுகிறார். வெளியே தெரியும் கோட்டத்தோடு வாழக் கற்றுக்கொள்ளலாம். தெரியாததோடு இறக்கத்தில் இறங்குவதற்கு வேறொரு மனம் வேண்டும்.

நான் ஏறும் மலைக்கும் அந்த உலோகத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூரில் இருந்த மதராஸ் அலுமினியம் கம்பெனிக்குப் போனது. 1960களில் தொடங்கிய அந்த உருக்காலை 2008ஆம் ஆண்டில் நின்றது. வெட்டப்பட்ட மலை நிமிரவில்லை. அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம் என்பதும், பிசினில் இறுகிய கார்பனை அப்படி எளிதில் மீட்க முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் அலுமினியம் பாவமற்ற பொருள் என்று அம்மலையில் ஏறுபவன் சொல்லிவிட முடியாது.

இவ்வளவையும் எடைபோட்டு எனக்கு அலுமினியம் போதும் என்று முடிவு செய்திருந்தேன். அப்போதுதான் பழைய மாணவன் ஒருவன் வந்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. மாநில அளவில் குறுக்குநாட்டுப் பந்தயங்களில் ஓடுகிறான். யாரோ பயன்படுத்திய கார்பன் சக்கரங்கள் 55,000 ரூபாய்க்குக் கிடைப்பதாகச் சொன்னான். அம்மாவின் தோட்டை அடகு வைக்கப் போகிறானாம். என் 20 நொடிக் கணக்கை அவனுக்கு விளக்கினேன்.

“உங்களுக்கு அது ஒண்ணுமில்லைங்கய்யா. எனக்கு அதுதான் எல்லாமே” என்றான்.

அவன் சொன்னதில் தவறில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பந்தயம் ஏறத்தாழ 89 நிமிடம் நடந்தது. செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றார். சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் ஒரே ஒரு நொடி பின்தங்கி வெள்ளி பெற்றார். அந்த உயரத்தில் நொடி என்பது நாணயம். ஓய்வுநாள் ஓட்டக்காரனின் நிம்மதியை அவன் மேல் சுமத்த எனக்கு உரிமையில்லை.

சக்கரங்களைப் பார்க்க இருவரும் போனோம். ஐந்து ரூபாய் நாணயத்தால் வளையத்தைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தோம். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அந்த இடத்தில் ஓசை மந்தமாகும். எங்கும் ஒரே ஓசைதான் கேட்டது. ஆனாலும் நாணயம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உடைந்தால் மாற்றித் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடுகிறது. புதிய அலுமினிய இணை 30,000 ரூபாய் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். மீதியில் இலகுவான நல்ல டயர்கள் இரண்டும், வெளியூர்ப் பந்தயங்கள் சிலவற்றுக்கு ரயில் செலவும் அடங்கும். டயரில் குறையும் எடையும் அதே விளிம்பில்தான் சுழல்கிறது என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே நெடுநேரம் நடந்தான். பிறகு, “சக்கரம் உடைஞ்சா அடுத்த பந்தயத்துக்குப் போக முடியாதுங்கய்யா. தோடும் திரும்பி வராது” என்றான்.

அலுமினியமே வாங்கினான். கார்பன் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்றான். தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது. சென்ற வாரம் பயிற்சியில் பின்சக்கரம் பாறையில் மோதி விளிம்பு மடங்கியிருக்கிறது. குறட்டால் நிமிர்த்தி, கடையில் கோட்டம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையே மலையேறிவிட்டான். அந்த 20 நொடியை இப்போது கால்களில் தேடிக்கொண்டிருக்கிறான்.