சாண்டரின் மூச்சும் நம் மூச்சும்

கரூரில் பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைகளில், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கும் பகுதியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவன் என்ற முறையில், காற்றழுத்தத்தால் ஓடும் சாண்டர் என்ற சிறு யந்திரத்தைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாளித் தண்ணீரும் வாட்டர் பேப்பரும் உள்ளங்கைக்கு அடங்கும் மரக்கட்டையுமே எங்கள் உபகரணங்கள். 11 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கத்தை நான்கு பேர் வரிசையாக நின்று, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்ப்போம். மாலையில் விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். ஆனால் தூசி என்று ஒன்று பறந்ததாக நினைவில்லை. பின்னர் ஹார்டனர் கலந்து பூசும் பாலியஸ்டர் பட்டி வந்தது. அது தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, பிற்பாடு பெயின்டுக்கு அடியில் கொப்புளமாகவும் துருவாகவும் அதைத் திருப்பித் தரும் சுபாவம் உடையதாகையால், உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டியதாயிற்று. அந்த உலர்தேய்ப்புக்கென்றே வந்ததுபோல் சாண்டரும் பட்டறைக்குள் வந்தது. கூடவே தூசியும் வந்தது.

சாண்டரின் உட்புறத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர்களுக்கு அதை அலட்சியமாகக் கையாள மனம் வராது. சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, எங்கள் பையன் ஒருவன் யந்திரத்தைக் கொண்டுவந்து நீட்டி, "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு, இன்னிக்கு முனகுதுங்க" என்றான். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்துக் கழற்றினோம். சுண்டுவிரல் நீளமே உள்ள உருளை. அதில் நீளவாக்கில் ஐந்து வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் சீட்டுப்போல் மெல்லிய ஒரு பிளேடு. உருளை தான் அமர்ந்திருக்கும் கூட்டின் நடுவில் இராமல் ஒருபுறம் ஒதுங்கி இருப்பதால், சுழலும்போது பிளேடுகள் வெளியே எறியப்பட்டுக் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும். ஒடுங்கிய இடத்தில் நுழையும் காற்று, அகன்ற இடத்தை நோக்கி விரிந்து அந்தப் பிளேடுகளைத் தள்ளும். அந்தத் தள்ளலே நிமிஷத்துக்கு 10,000 முதல் 12,000 வரை சுற்றுகளாக மாறுகிறது. அன்று நாங்கள் திறந்த யந்திரத்திலோ, பிளேடு ஒன்று முனை உடைந்திருந்தது. மற்ற நான்கும் செம்பழுப்பான துருநீரில் வெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கிடந்தன. செய்தித்தாளில் அந்த நீர் வழிந்து காசளவு கறை பரவியதைப் பையன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி புரிந்ததாகும். 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்றால் வெளிக்காற்றை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக நெருக்கியிருக்கிறோம் என்று பொருள். நெருக்கிய காற்று ஆறும்போது, முன்பு அதில் கலந்திருந்த ஈரத்தைத் தாங்கமாட்டாமல் நீராக உதிர்த்துவிடுகிறது. ஆகவே காலையில் கம்ப்ரசரை ஓட்டுவதற்கு முன் டாங்கியின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தேங்கிய நீரை வடிப்பதும், லைனில் உள்ள ஏர் பில்டரின் கிண்ணத்தைக் காலி செய்வதும் பல் துலக்குவதைப்போல் நித்திய கடமைகளாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நண்பகலில் இன்னொருமுறையும் அவசியம். அதன்பின் எண்ணெய். காற்றுக் கருவிகளுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை, காற்று நுழையும் வாயில் நான்கைந்து சொட்டு விட்டு, ஒரு பழைய பலகையின்மேல், பேப்பர் ஒட்டும் அடித்தட்டான பேடை வைத்துச் சில விநாடிகள் ஓட்டினால் போதும். மிச்சம் இருக்கிறதே என்று என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தத் தடித்த எண்ணெய் பிசினாகிப் பிளேடுகளை வெட்டுக்குள்ளேயே பிடித்துவைத்துவிடும். பலகையின்மேல் ஓட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெளியேறும் காற்றோடு ஒரு துளி எண்ணெய் பேனல்மீது தெறித்தாலும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். அதைச் சரிசெய்ய ஒரு நாள் வேலை வீணாகும்.

அழுத்தத்தைக் கம்ப்ரசரின் மீட்டரில் பார்த்துத் திருப்திப்படுவது பெரும் பிழை. அங்கே 120 காட்டும். ஒல்லியான ஹோஸில் முப்பது மீட்டர் பயணம் செய்து சாண்டரை அடையும்போது அது 70 ஆகக்கூட இளைத்திருக்கும். யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் வாயிலில் 90 இருக்க வேண்டும். அதற்குமேல் ஏற்றினால் வேலை விரைவதைவிடப் பேரிங்கும் பேடும் விரைவில் கெடுவதே மிச்சம்.

கையில் பிடிக்கும் விதத்தைப் பற்றி எங்கள் மேஸ்திரி சொல்லித்தந்தது ஒன்றே: யந்திரத்தின் எடை போதும், உன் எடையை அதன்மேல் ஏற்றாதே. அழுத்தினால் பேடு தன் இயல்பான சுழற்சியை இழந்து ஒரே இடத்தில் அதிர்ந்துகொண்டு, பன்றிவால்போல் சுருண்ட கீறல்களை விட்டுச்செல்லும். அவை ப்ரைமர் அடிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, கடைசிப் பூச்சில் வெயில் படும்போது வரிசையாக எழுந்து நிற்கும். பேடைப் பேனலின்மேல் வைத்த பிறகே விசையை அழுத்த வேண்டும். அந்தரத்தில் சுழலவிட்டால் வேகம் கட்டுமீறி, பேப்பர் பிய்ந்து பறக்கக்கூடும். 80-ஆம் எண் பேப்பரில் தொடங்கினால் 120, 180 என்று படிப்படியாகத்தான் வர வேண்டும். 80-இன் கீறலை 320 அழித்ததை நான் கண்டதில்லை. இவ்வளவுக்கும் பிறகு, மேடு எங்கே பள்ளம் எங்கே என்பதை நிச்சயிப்பது கைதான். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, பேனலின் நீளவாக்கில் மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது, காகிதக் கனமுள்ள மேடுகூட மணிக்கட்டில் தட்டுப்படும்.

அந்தக் கைக்கு வரும் அபாயங்கள் பல. ஹோஸைக் கழற்றாமல் பேப்பரை மாற்றுகிறவர்களை இன்றும் காண்கிறேன். நானே ஒருமுறை, மடியில் வைத்துப் பேப்பரை ஒட்டிக்கொண்டிருக்கையில் முழங்கால் விசையில் பட்டு யந்திரம் ஓடிவிட, மூன்று விரல்களின் தோலை இழந்தேன். அன்று முதல் ஹோஸின் கப்ளரைக் கழற்றாமல் பேடைத் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் ஹோஸின் முனையைச் சட்டையில் பிடித்துத் தூசியை ஊதிவிடும் பழக்கமும், விளையாட்டாக ஒருவன்மேல் ஒருவன் காற்றடிப்பதும் கொடியவை. அழுத்தக் காற்று கண்ணைக் கெடுக்கும். காயத்தின் வழியே உடம்புக்குள் புகுந்தால் உயிரையே வாங்கும்.

இவற்றைவிட மெதுவாக வருவது அதிர்வின் தீங்கு. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள பெட்போர்டில், காற்றுச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற வைத்தியப் பெண்மணி ஆராய்ந்து எழுதினார். எங்கள் ஊரில் அந்தக் குளிர் இல்லை. சாண்டரின் அதிர்வும் சுத்தியலுடையதைவிடக் குறைவு. ஆனாலும் விரிந்து வெளியேறும் காற்று குளிர்ந்தே வருகிறது, அதுவும் பிடித்திருக்கும் கையின்மேலேயே படுகிறது. தேய்ந்த பேடையும், அந்த யந்திரத்துக்கு உரிய எடையில்லாத மாற்றுப் பேடையும் உபயோகித்தால் சமநிலை குலைந்து அதிர்வு பன்மடங்காகும். கை மரத்தால் வேலையை நிறுத்திப் பேடைப் பார்க்க வேண்டும்.

இனி, நான் மிகவும் மனவேதனையோடு சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். சாண்டருக்குள் போகும் காற்றுக்கு நாங்கள் பில்டர் வைக்கிறோம், நீரைப் பிரிக்கிறோம், அழுத்தத்தை அளக்கிறோம். அதைப் பிடித்து நிற்பவனின் மார்புக்குள் போகும் காற்றுக்கு ஒரு கைத்துண்டைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். துண்டின் இழைகளுக்கு இடையே புகுந்துபோகும் நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை இறங்கும் தூசி. மறுபெயின்டுக்கு வரும் பழைய வண்டிகளின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயமும் குரோமியமும் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி வண்டிப் பெயின்டுகளைத் தொடுவதில்லை. ஹார்டனர் கலந்த பெயின்ட் முழுவதும் இறுகுமுன் தேய்த்தால், ஆஸ்துமாவை வரவழைக்கும் ஐசோசயனேட்டும் அந்தத் தூசியில் சேரும். எங்கள் மேஸ்திரி மாலையில் புருவமும் மீசையும் வெளுத்து, பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் இருமிக்கொண்டிருப்பார். அது தொழிலோடு பிறந்தது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

பேடின் துளைகளும் பேப்பரின் துளைகளும் நேர் நிற்கும்படி ஒட்டி, உறிஞ்சும் குழாயை இணைத்து ஓட்டினால் தூசியின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். எஞ்சியதற்கு, இரண்டு பட்டைகளும் தலையைச் சுற்றி இறுகும், மூக்கருகில் இடைவெளி விடாத என்-95 முகமூடி வேண்டும். எங்கள் பட்டறையில் சாண்டர் மாட்டும் ஆணிகளில், ஒவ்வொரு சாண்டருக்கும் முன்னால் ஒரு மூடிய பை தொங்குகிறது. பையை எடுக்காமல் சாண்டரை எடுக்க முடியாது. உள்ளே முகமூடி இருக்கிறது. பையின்மேல் அவரவர் பெயர் எழுதியிருக்கிறது.